சகலாத்து மேலங்கியும் கைத்தையலும்: வாசகர் கேள்வி–பதில்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பெண்கள் அணிந்த சிவப்புக் கம்பளி மேலங்கியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தோம். கையில்லாத, முக்காடு சேர்ந்த, கழுத்தில் நாடாவால் முடிச்சிடும் அந்த உடையை அன்றைய முறைப்படி கையாலேயே தைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

வாசகி, வர்ஜீனியா: நாங்கள் வசிக்கும் ஊருக்கு அருகே நடைபெறும் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றில், 1770-களின் உடையணிந்து பங்கேற்க இருக்கிறேன். சிவப்பு மேலங்கிக்குத் துணி வாங்கக் கடைக்குச் சென்றால், கம்பளி என்ற பெயரில் பத்து வகைகளைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

தையலைவிடத் துணியைத் தேர்ந்தெடுப்பதே இந்த வேலையில் பெரிய பகுதி என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அன்றைய மேலங்கிகள் பெரும்பாலும் பிராட்கிளாத் என்னும் துணியால் ஆனவை. ஐரோப்பியக் கம்பெனியார் நம் கடற்கரை ஊர்களில் விற்றதும், சிற்றரசர்களுக்கும் துபாஷிகளுக்கும் பரிசாக அளித்ததுமான சகலாத்து இதுவே. பார்வைக்குத் தடித்த கம்பளித் துணி என்று மட்டுமே தோன்றினாலும், இது தறியிலிருந்து இறங்கிய நிலையில் அப்படியே பயன்படுத்தப்பட்ட துணி அன்று. முடிவில் வேண்டிய அகலத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான அகலத்தில் அதை நெய்வார்கள். பிறகு நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச் சம்மட்டிகளின் கீழ், எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணோடு ஈரமாக இட்டு, மணிக்கணக்கில் அடிப்பார்கள். அவ்வாறு அடிபடும்போது கம்பளி இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் பின்னிக்கொள்ள, துணி நீளத்திலும் அகலத்திலும் சுருங்கிப் பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறுகிவிடும். அதன்பின் கொக்கிகள் பதித்த நீண்ட மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். முள் நிறைந்த ஒரு செடியின் காய்ந்த பூந்தலைகளால் வருடி மேல்மயிரை எழுப்புவார்கள். எழுந்த மயிரைப் பெரிய கத்தரிகளால் சீராக வெட்டித் தளப்படுத்துவார்கள். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் உள்ள ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு, இத்தகைய சிவப்புத் துணிக்கு உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது.

இவ்வளவையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டியதன் காரணம், கடையில் செய்ய வேண்டிய சோதனை இதிலிருந்தே பிறக்கிறது என்பதுதான். விற்பனையாளரிடம் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, அதன் வெட்டு விளிம்பை நகத்தால் நன்றாகச் சுரண்டிப் பாருங்கள். இழைகள் பிரிந்து கையோடு வந்தால், அத்துணி போதிய அளவு இறுக்கப்படவில்லை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். விளிம்பு கத்தரித்த நிலையிலேயே அசையாமல் நின்றால், அதுவே உங்களுக்கான துணி. பழைய முறைப்படி செய்த சாதாரண நெசவுச் சகலாத்தை, வரலாற்று உடைகளுக்கென்றே துணி விற்கும் கடைகளில் வாங்கலாம். அது கிடைக்காவிட்டால், இன்றைய மெல்ட்டன் துணி அதற்கு மிக நெருங்கியது. சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிராம் வரை எடையுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடக் கனமானது, கழுத்தருகே கொசுவம் வைக்கும்போது கட்டுக்கடங்காமல் புடைத்து நிற்கும்.

பாலியெஸ்டர் கலந்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகவே சொல்கிறேன்: வாங்காதீர்கள். நீங்கள் பங்கேற்கும் நிகழ்ச்சிகளில் திறந்த அடுப்பும் விறகுத் தீயும் இருக்கும். தூய கம்பளியின் மீது தீப்பொறி விழுந்தால் அந்த இடம் கருகி, பெரும்பாலும் தானே அணைந்துவிடும். செயற்கை இழையோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உடையின் வரலாற்று நேர்மையைவிட இது முக்கியமான காரணம்.

வாசகி, லண்டன்: இங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்த பழைய மேலங்கியின் கீழ் விளிம்பு மடித்துத் தைக்கப்படவே இல்லை. தையலில் தேர்ந்தவரான என் அத்தையிடம் சொன்னபோது, அது அரைகுறையாக விடப்பட்ட வேலையாகத்தான் இருக்கும் என்கிறார். உண்மை என்ன?

உங்கள் அத்தை பருத்தியிலும் பட்டிலும் தைத்துப் பழகியவராக இருக்க வேண்டும்; அத்துணிகளுக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் நன்கு இறுக்கப்பட்ட சகலாத்தில் பிரிவதற்கு இழையே கிடையாது என்பதால், கத்தரித்த விளிம்பை அப்படியே விடுவதுதான் அன்றைய தொழிலாளர்களின் முறை. மேலங்கிகளில் மட்டுமல்லாமல், அக்கால ஆண்களின் கோட்டுகளிலும் படைவீரர்களின் சீருடைகளிலும்கூட மடிக்காத விளிம்புகளைக் காணலாம். மடித்துத் தைத்தால் இரண்டு மடங்கு தடிமனான ஒரு வளையம் கீழே தொங்கி, வட்ட விளிம்பின் விழுகையைக் கெடுக்கும். வளைந்த விளிம்பை மடிக்கும்போது உட்புறத்தில் சுருக்கம் விழுவதும் தவிர்க்க முடியாதது.

விளிம்பை மடிக்காமல் விடுவதால் பொறுப்பு முழுவதும் கத்தரிக்குப் போய்விடுகிறது. எனவே நீண்ட அலகுள்ள, புதிதாகச் சாணை பிடித்த கத்தரியால், அலகை முழுவதும் மூடாமல் ஒரே ஓட்டமாக நகர்த்தி வெட்டுங்கள். அலகை ஒவ்வொரு முறையும் மூடித் திறந்தால், அந்த இடங்களிலெல்லாம் சிறு படிகள் விழும். தையல் மறைக்காத விளிம்பில் அவை என்றும் தெரியும். அத்தையிடம் ஒரு துண்டு சகலாத்தைக் கொடுத்து விளிம்பைச் சுரண்டச் சொல்லுங்கள். அவரே ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

வாசகர், டொரொண்டோ: என் மனைவிக்காக இந்த மேலங்கியைத் தைக்க விரும்புகிறேன். எவ்வளவு துணி வேண்டும், எப்படி வெட்டுவது என்று அளவுகளோடு விளக்க முடியுமா?

உடற்பகுதி ஓர் அரைவட்டம். முக்காடு ஒரு செவ்வகம். இவை இரண்டைத் தவிர வெட்டுவதற்கு வேறொன்றும் இல்லை.

இடுப்புக்குக் கீழே, முழங்கால் அருகே முடியும் மேலங்கியை எடுத்துக்கொள்வோம். கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரை 90 சென்டிமீட்டர் நீளம் என்றும், கழுத்து வளைவின் ஆரம் 20 சென்டிமீட்டர் என்றும் வைத்தால், வெளிவட்டத்தின் ஆரம் 110 சென்டிமீட்டர் ஆகும். 150 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியை ஒற்றையாக விரித்து, அதன் ஒரு கரையின் நடுவே மையப்புள்ளியைக் குறியுங்கள். அங்கே அளவு நாடாவின் நுனியைக் குண்டூசியால் நிறுத்தி, 20-இலும் 110-இலும் துணியில் கோடு போடும் தையல் சுண்ணக்கட்டியைப் பிடித்து இரண்டு அரைவட்டங்கள் வரையுங்கள். கயிற்றைப் பயன்படுத்த வேண்டாம். இழுக்கும்போது அது நீளும். இதற்குத் துணியின் நீளத்தில் 220 சென்டிமீட்டர் செலவாகும். அகலத்தில் 40 சென்டிமீட்டர் பட்டை மீதியிருக்கும். முக்காட்டுக்கு வேண்டிய 80-க்கு 40 சென்டிமீட்டர் செவ்வகம் அதிலிருந்தே கிடைத்துவிடும். வெட்டும் முன் நீராவியால் துணியைச் சுருங்கவைக்க வேண்டியிருப்பதால், இரண்டரை மீட்டராக வாங்குவது நல்லது. தடித்த துணியை இரண்டாக மடித்து வெட்டாதீர்கள். அடியில் உள்ள மடிப்பு நழுவி, இரு பக்கமும் ஒன்றுபோல் அமையாது.

மேல்மயிரின் திசையைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். இந்த வெட்டில் மயிர் ஒரு முன்பக்கத்தில் கீழ்நோக்கியும் மற்றொரு முன்பக்கத்தில் மேல்நோக்கியும் முதுகில் குறுக்காகவும் அமைவதைத் தவிர்க்க இயலாது. சீராகக் கத்தரித்த சகலாத்தில் அது ஏறக்குறைய தெரியாது. நீண்ட மயிருள்ள துணியில் ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் கருத்தும் காட்டும். குறுகிய மயிருள்ள துணியை வாங்க வேண்டும் என்பதற்கு இது மற்றொரு காரணம். மனைவி உயரமானவராக இருந்து துணியின் அகலம் போதாமற்போனால், அரைவட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டை இணைத்து வெட்டுங்கள். அந்தக் காலத்தில் கூலியைவிடத் துணியே பல மடங்கு விலையுயர்ந்தது என்பதால் ஒட்டுத் துண்டுகள் சாதாரணமாக இருந்தன. அவற்றை யாரும் குறையாக எண்ணியதில்லை.

வாசகி, லண்டன் (இன்னொருவர்): முக்காட்டின் பின்புறத்தில் விசிறிபோல் விரியும் மடிப்புகளை எவ்வாறு அமைப்பது? எத்தனையோ படங்களைப் பார்த்தும் புரியவில்லை.

இந்த மேலங்கியின் அழகெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்காக எத்தனை மாலைகளைச் செலவழித்தாலும் தகும். செவ்வகத்தின் 80 சென்டிமீட்டர் நீளத்தைச் சரிபாதியாக மடித்தால், மடிப்பு உச்சந்தலையில் வரும். திறந்த நீள்விளிம்புகளில் ஒன்று முகத்தைச் சுற்றியும், மற்றது பின்தலையிலும் அமையும். பின்விளிம்பில் கழுத்திலிருந்து மேல்நோக்கி 20 சென்டிமீட்டர் வரை மட்டும் இரு பக்கங்களையும் சேர்த்துத் தையுங்கள். இதற்கும் தையல் இடம் விட வேண்டியதில்லை: நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க விளிம்புகளைச் சரியாகப் பொருத்தி, விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைத்து, பின்பு விரித்து ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால், தையல் துணிக்குள் அமிழ்ந்துவிடும்.

மீதியுள்ள மேற்பகுதியில் ஒவ்வொரு பக்கத்திலும் 20 சென்டிமீட்டர் இருக்கும். அதை 2.5 சென்டிமீட்டர் வீதம் எட்டாகப் பிரித்துக் குறியிடுங்கள். ஒவ்வொரு குறியிலும் துணியை மடித்து, மடிப்புகளின் நுனிகளையெல்லாம் தைத்த பகுதியின் உச்சியாகிய ஒரே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகும்போது மேலே இறுகியும் கீழே விரிந்தும் நிற்பது போல, இவை அந்தப் புள்ளியில் நெருங்கி, உச்சந்தலையை நோக்கிச் செல்லச் செல்லக் கரைந்து மறைய வேண்டும். எனவே மடிப்புகளை இஸ்திரிப் பெட்டியால் நெடுக அழுத்திவிடாதீர்கள். நுனியில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மட்டும் நீராவி காட்டி விரலால் அழுத்தினால் போதும். முறுக்கேறிய லினன் நூலை இரட்டையாக எடுத்து, உட்புறத்தில் ஒவ்வொரு மடிப்பின் நுனியையும் ஊசியால் கோத்து, கடைசி மடிப்பையும் கோத்த பின்னரே நூலை இழுத்து இறுக்குங்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே சென்றால் புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இறுக்கிய பிறகு நான்கைந்து முறை குறுக்காகத் தைத்து நூலை நிலைப்படுத்த வேண்டும்.

உள்ளே தெரியும் மடிப்பு நுனிகளை மறைப்பது பட்டு லைனிங்கின் வேலை. மெல்லிய டாஃபெட்டா பட்டில் அதே அளவு செவ்வகத்தை வெட்டித் தனியாக மடித்து, முக்காட்டின் உட்புறத்தில் பொருத்தி, முகவிளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைக்கலாம். வெல்வெட் லைனிங்கும் உலோகக் கொளுவியும் கற்பனைக் கதைப் படங்களின் உடைக்கு உரியவை. அவற்றை இந்த மேலங்கியில் சேர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

வாசகி, சிங்கப்பூர்: என்ன நூல், என்ன தையல்? ஓட்டுத் தையலும் கெட்டித் தையலும் மட்டுமே எனக்குத் தெரியும்.

அவை இரண்டோடு, முக்காட்டின் பின்புறத்துக்கு மேலே சொன்ன, விளிம்பைச் சுற்றிப் போடும் சுற்றுத் தையலும் தெரிந்தால் முழு மேலங்கியையும் தைத்துவிடலாம். பாரம் தாங்கும் இடங்களுக்கு லினன் நூல். பட்டு லைனிங்கை இணைக்கவும், வெளியே தெரியும் இடங்களுக்கும் பட்டு நூல். லினன் நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மீது இரண்டு முறை இழுத்து, விரல்களுக்கு இடையே உருவி விடுங்கள். மெழுகு நூலின் பிசிறை அடக்கி, கம்பளியில் உராய்ந்து அறுபடாமல் காக்கும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். ஊசி எண் 8 பொருத்தமாக இருக்கும். நடுவிரலுக்கு உலோக உறை இல்லாமல் தடித்த கம்பளியில் இறங்காதீர்கள்.

கழுத்தில்தான் உங்கள் கெட்டித் தையல் தேவைப்படும். உடற்பகுதியின் கழுத்து வளைவு ஏறக்குறைய 63 சென்டிமீட்டர். முக்காட்டின் கீழ் விளிம்பு 80. இரண்டையும் சுமார் 45 சென்டிமீட்டராகக் குறுக்க வேண்டும். முன்பக்கங்கள் இரண்டிலும் சேர்த்து ஒரு சாண் அளவைக் கொசுவமின்றி விட்டு, எஞ்சியதில் இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்துச் சிறு கொசுவங்களாக்குங்கள். இரு வரிசைகளின் தையல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தால் கொசுவம் ஒழுங்காக நிற்கும். பிறகு முக்காட்டையும் உடலையும் நல்ல பக்கங்கள் சேரப் பொருத்தி, கெட்டித் தையலால் இணைத்து, தடித்த விளிம்பை உட்புறத்தில் நாடாவால் மூடித் தையுங்கள். மழையில் நனைந்த மேலங்கியின் எடை முழுவதையும் இந்த ஒரே தையல்தான் தாங்குகிறது. இங்கே தையல்கள் அழகாக இருப்பதைவிட நெருக்கமாக இருப்பது முக்கியம்.

வாசகர், சென்னை: அந்தக் காலத்துச் சிவப்புச் சாயம் எதிலிருந்து வந்தது? ஏழைப் பெண்களும் சிவப்பு அணிந்தார்களா?

பளிச்சென்ற சிவப்பு, மெக்சிகோவில் சப்பாத்திக் கள்ளியின் மேல் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தி எடுத்த சாயம். அதோடு வெள்ளீயக் கரைசல் சேர்த்தால் கம்பளியில் தீப்போன்ற நிறம் ஏறும் என்பதை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரரான கொர்னேலிஸ் டிரெபெல் கண்டறிந்ததாகக் கூறப்படுகிறது. மலிவான சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடியின் வேர் பயன்பட்டது. அது செங்கல் நிறத்தை ஒட்டியது. பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளின் கோட்டு கொச்சினீலாலும், சாதாரண வீரர்களின் கோட்டு வேர்ச் சாயத்தாலும் சிவந்திருந்தன. பெண்களின் மேலங்கியிலும் செல்வ நிலைக்கேற்ப இதே வேறுபாடு இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஆயினும் சிவப்பு மேலங்கி கிராமத்துப் பெண்களின் உடையாகவும் பரவியிருந்தது. 1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ஒன்று வேல்ஸ் கடற்கரையில் ஃபிஷ்கார்டு அருகே இறங்கிச் சில நாட்களிலேயே சரணடைந்தபோது, தொலைவில் நின்ற சிவப்பு உடைப் பெண்களைப் படைவீரர்களென்று எண்ணி அது அஞ்சியதாக அவ்வூரார் கதை சொல்வார்கள்.

சென்னை வாசகரான உங்களுக்கு மற்றொரு செய்தி. ஸ்பெயினின் கையிலிருந்த அந்தச் சாய வணிகத்தை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, உங்கள் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை வளர்த்தது. சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-இல் இங்கே சாயப்பூச்சியைக் கண்டதாக லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதியதிலிருந்து தொடங்கியது அம்முயற்சி. 1795-இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட பூச்சி தரமான சாயம் தரும் இனம் அன்று என்பதால் வணிகம் கைகூடவில்லை. மேலங்கியின் சிவப்பைச் சைதாப்பேட்டையிலேயே விளைவிக்க நினைத்தார்கள் என்பதை அவ்வழியே செல்லும்போது நான் எண்ணிக்கொள்வதுண்டு.

வாசகி, மெல்பர்ன்: தையல் இயந்திரம் வைத்திருக்கிறேன். வெளியே தெரியாத தையல்களை மட்டும் அதில் போட்டுக்கொள்ளலாமா?

எலியாஸ் ஹோ என்னும் அமெரிக்கர் தம் தையல் இயந்திரத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1846-இல். ஆகவே 1770-களின் மேலங்கியில் இயந்திரத் தையல் இருக்க வழியில்லை. இருந்தாலும் உங்கள் வீட்டுக்குள் உங்களுக்காகத் தைப்பதை நான் தடுக்க முடியாது. கணக்கை மட்டும் பாருங்கள்: சுற்றளவில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரும் கீழ் விளிம்புக்குத் தையலே இல்லை, முன்விளிம்புகளையும் அப்படியே விடலாம், விசிறி மடிப்பை இயந்திரத்தில் போட முடியாது, சுற்றுத் தையலையும் போட முடியாது. எஞ்சுவது 45 சென்டிமீட்டர் கழுத்துத் தையல் ஒன்றே. அதிலும் கொசுவம் வைத்த இரண்டு கம்பளி அடுக்குகளை இயந்திரத்தின் பாதம் நசுக்கி ஒரு பக்கமாகத் தள்ளும். ஊசி முறியவும் கூடும். கையில் தைத்தால் ஒவ்வொரு கொசுவத்தையும் கட்டைவிரலால் நிமிர்த்திப் பிடித்து, அதன் நடுவில் ஊசியை இறக்கலாம். லினன் நூலில் மெழுகு பூசி, பின்புற நடுவிலிருந்து தொடங்கி ஒரு முன்பக்கம் வரையும், பிறகு நடுவிலிருந்து மறுபக்கம் வரையும் தையுங்கள். இரு பக்கமும் சமமாக அமையும்.